விறகில் தகனம்: யாழ்ப்பாணத்துச் செத்தவீட்டுக்காரர் தெரிந்திருக்க வேண்டியவை

கொள்ளி வைத்த கையோடு எல்லாரும் திரும்பிப் பாராமல் சுடலையை விட்டு வந்துவிடுகிறோம். முதல்நாள் விறகு சரியாக அடுக்கப்பட்டதா என்பது அடுத்தநாள் காடாத்துக்கு, அதாவது தணலை ஆற்றி எலும்பு பொறுக்க, போகிறவர்களுக்குத்தான் தெரியவரும். தகப்பனின் இடுப்புப் பகுதி கருகியபடி எரியாமல் கிடப்பதைப் பார்த்த பிள்ளைக்கு அது ஆயுளுக்கும் மறக்காது. இப்படி நடப்பதைத் தடுக்கலாம். பெரும்பாலும் விறகின் ஈரமே காரணம். மற்றப்படி காற்றுப் போகும் வழி அடைபட்டிருக்கும், அல்லது நெருப்போடு நிற்க ஆள் இருந்திருக்காது.

கிரியைகள் ஊருக்கு ஊர், குருக்களுக்குக் குருக்கள் மாறும். அவற்றை அவரிடமே கேளுங்கள். இங்கே எழுதுவது உடலையும் நெருப்பையும் பற்றியது.

கடதாசி வேலை

வீட்டில் இயற்கையாக நடந்த மரணம் என்றால் முதலில் கிராம அலுவலருக்கு அறிவியுங்கள். பார்த்துவந்த வைத்தியரின் குறிப்பும் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். மரணம் நடந்த பிரிவின் பதிவாளருக்கு ஐந்து நாளுக்குள் அறிவிக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் நடந்த மரணத்துக்கு அங்கேயே பத்திரம் தருவார்கள். விபத்து, விழுந்து அடிபட்டது, நஞ்சு, காரணம் தெரியாத திடீர் மரணம் ஆகியவற்றில் பொலிசும் திடீர் மரண விசாரணை அதிகாரியும் விடுவிக்கும்வரை சுடலைக்கு நாள் குறிக்கக்கூடாது. எரிக்காமல் புதைக்கும்படி கட்டளை வந்தால் அதற்கு மாற்றில்லை. பிறகு சோதிக்க வேண்டி வரலாம் என்பதாலேயே அப்படிச் சொல்கிறார்கள்.

மயானம் எந்தச் சபையின் கீழ் இருக்கிறதோ அந்தப் பிரதேச சபைக்கோ மாநகர சபைக்கோ சொல்லி, கட்டணம் கட்டிப் பற்றுச்சீட்டு எடுங்கள். சில ஊர்களில் சனசமூக நிலையமே இந்த வேலையைப் பார்த்துத் தரும்.

வீட்டில் உடலோடு செய்ய வேண்டியவை

விறைப்பு நாடியில், அதாவது தாடையில்தான் முதலில் பிடிக்கும். இரண்டு முதல் நான்கு மணித்தியாலத்தில் தொடங்கி, அரைநாளுக்குள் உடல் முழுவதும் இறுகிவிடும். அதனால் முதல் மணித்தியாலத்திலேயே கண்ணை மூடி, நாடியைக் கட்டி, கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டுங்கள். நாடிக்கட்டுக்கு மூன்று விரல் அகல வெள்ளைத் துணி எடுத்து, நாடிக்குக் கீழால் கொண்டுபோய் உச்சியில் முடியுங்கள். கை கால்களை நேராக்குங்கள். முழங்கால் மடிந்தபடி விறைத்துப்போனால் பெட்டியும் மூடாது, சிதையிலும் உடல் ஒரு பக்கம் சரியும்.

முழுக்காட்டும்போது மோதிரம், காப்பு, தோடு எல்லாவற்றையும் கழற்றுங்கள். விரல் வீங்கியிருந்தால் சவர்க்கார நுரை பூசிச் சுழற்றினால் வரும். சலக்குழாய், மூக்குக் குழாய், பம்பேர்ஸ், மேலே சுற்றிய பொலித்தீன் எல்லாம் அகற்றப்பட வேண்டும். இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்தவரா என்று கட்டாயம் விசாரியுங்கள். பெரும்பாலும் இடது காறையெலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில் தீப்பெட்டி அளவில் கையில் தட்டுப்படும். உள்ளே இருக்கும் பற்றரி சூட்டில் வெடிக்கும். தகனசாலைச் சூளைக்குள் என்றால் சுவரே பிளந்துபோகலாம், திறந்த சிதையென்றால் பக்கத்தில் நிற்பவருக்கு ஆபத்து. வீட்டில் நீங்களே வெட்டி எடுக்கப் பார்க்காதீர்கள். ஆஸ்பத்திரிப் பிரேத அறையிலோ மலர்ச்சாலையிலோ எடுப்பிக்க வேண்டும்.

உடுப்புப் பருத்தியாகவோ பட்டாகவோ இருக்கட்டும். கூறைச்சேலை பட்டென்றால் தாராளமாக உடுத்தி அனுப்பலாம். பொலியெஸ்ரர் எரிய முன்பே உருகும். உருகி உடலில் ஒட்டிக் கறுத்த தார்போலப் படியும். பிளாஸ்ரிக் மாலைகளுக்கும் இதுவே கதி. அவற்றைப் படலையிலேயே கழற்றிவிடுங்கள்.

கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ பிள்ளைகள் வரும்வரை காத்திருக்க, உடல் பழுதாகாமல் மருந்தேற்றி ஏம்பாம் செய்வது இப்போது வழமை. அதில் தவறில்லை. ஆனால் எரியும்போது அந்தப் போர்மலின் மருந்தின் புகை கண்ணையும் தொண்டையையும் அரிக்கும். காற்று வரும் பக்கமாக நில்லுங்கள்.

பந்தம் பிடிக்கிற பேரப்பிள்ளைகள் மேல் ஒருவர் கண் வைத்திருக்க வேண்டும். பந்தத் துணியை நெய்யில் தோய்த்த பிறகு நன்றாகப் பிழிந்துவிடுங்கள். பிழியாத பந்தம் சொட்டும், சொட்டு நெருப்போடே விழும். சுண்ணம் இடிக்கும்போது பாடும் திருப்பொற்சுண்ணம் இருபது பாட்டையும் பாடி முடிக்க எடுக்கும் நேரம் ஒரு சின்னப் பிள்ளைக்கு நீண்ட நேரம். பந்தல் தறப்பாள் தாழ்வாக இருந்தால் பிள்ளைகளை வெளியே நிறுத்துங்கள்.

விறகு

எங்கள் ஊரில் விறகு இன்னும் அந்தர்க் கணக்கில்தான் விலைபடுகிறது. ஒரு அந்தர் ஏறக்குறைய 50 கிலோ. திறந்த வெளியில் ஒரு வளர்ந்தவரின் உடலுக்குக் காய்ந்த விறகு பத்து அந்தர் வேண்டும். அதோடு இரண்டு அந்தர் கைகாவலாக ஒதுக்கி வையுங்கள். இரும்புச் சட்டமும் கூரையும் போட்ட எரிமேடையில் இதைவிடக் குறையும், ஏனென்றால் அங்கே கட்டைகள் உருண்டு சிதறாது, சூடும் வீணாகாது.

மெலிந்த உடல்தானே, விறகு குறையப் போதும் என்று நினைப்பது பெரும் பிழை. உடலின் கொழுப்பே நெருப்புக்கு எண்ணெய். நோயில் வற்றிப்போன உடலில் அது இல்லை, தோலும் எலும்பும் நீரும்தான். அவருக்கு ஒரு அந்தர் கூட்டித்தான் வைக்க வேண்டும். வயிற்றிலும் காலிலும் நீர் கட்டி இறந்தவருக்கும் அப்படியே.

ஈரத்தைப் பற்றி ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 65 கிலோ உடலில் ஏறக்குறைய 40 லீற்றர் நீர் உண்டு. நெருப்பு முதலில் அதைக் காய்ச்சி விரட்ட வேண்டும். நேற்றுத் தறித்த பச்சை விறகின் எடையில் ஏறக்குறைய பாதி நீர். அப்படிப் பத்து அந்தர் அடுக்கினால் 250 லீற்றர் தண்ணீரைச் சேர்த்து அடுக்கியதாக முடியும். விறகின் பலத்தில் ஒரு பங்கு தன் நீரைக் காய்ச்சுவதிலேயே போய்விடும்.

விறகுகாலையில் எடுக்கும்போது இரண்டு கொத்து விறகை ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்தது ‘டங்’ என்று ஒலிக்கும், ஈரமானது ‘தொப்’ என்று அடங்கும். வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து கதிர்போல வெடிப்பு ஓடியிருக்க வேண்டும். பட்டை தானாகக் கழர வேண்டும். பிளந்த உட்பக்கத்தைக் கன்னத்தில் வைத்தால் குளிர்ந்தால் அந்தக் கட்டை வேண்டாம்.

புளி, வேம்பு, பூவரசு, சவுக்கு எல்லாம் நல்ல விறகு. புளியங்குற்றி மெதுவாகப் பிடித்தாலும் தணல் நின்று எரியும், இடுப்புக்குக் கீழே வைக்க அதற்கு இணையில்லை. முருங்கை ஊதினால் பறக்கும் சாம்பல்தான். தென்னங்குற்றி புகையும், எரியாது. பனங்குற்றியில் வெளி வைரம் நன்றாக எரியும், உள்ளே இருக்கும் மெதுவான சோத்தி தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும், ஆகவே பிளந்து காயவைத்தது என்றால் மட்டும் எடுங்கள். அலரியை ஒரு கம்புகூடச் சேர்க்கக்கூடாது, அதன் புகையே நஞ்சு.

பத்து அந்தரையும் ஒரே பருமனில் எடுக்காதீர்கள். தொடைப் பருமனில் மூன்று அந்தர் குற்றி, மணிக்கட்டுப் பருமனுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பிளந்தது ஐந்து அந்தர், மிச்சம் இரண்டும் சிறாய், சுள்ளி. மூட்டுவதற்குக் காவோலை, கங்குமட்டை, பன்னாடை, பொச்சுமட்டை இருந்தால் போதும். இரண்டு சாக்குச் சிரட்டையும், கிடைத்தால் ஒரு சாக்கு ஊமலும் (காய்ந்த பனங்கொட்டை ஓடு) தேடி வையுங்கள். ஊமல் பிடித்துவிட்டால் அது கரியடுப்பு மாதிரி, நின்று சுடும்.

இடம்

மண்ணில்தான் அடுக்க வேண்டும். முருகைக்கல், சுண்ணாம்புக்கல் தெரியும் இடமென்றால் அரையடி மணல் பரவுங்கள். ஈரம் ஊறிய கல் சூட்டில் வெடித்துத் தெறிக்கும். இன்னொன்று, நன்றாகச் சுடுபட்ட சுண்ணாம்புக்கல் சூளையில் சுட்ட சுண்ணாம்பாகவே மாறிவிடும். அடுத்தநாள் தண்ணீர் ஊற்றும்போது அது நீறிக் கொதிக்கும். ‘நெருப்பு அணைந்துவிட்டது’ என்று கை வைத்தவரின் விரல் வெந்துபோக இதுவே போதும்.

அடுக்கின் நடுவால், வடக்குத் தெற்காக, ஒரு அடி அகலம், முக்கால் அடி ஆழத்தில் ஒரு வாய்க்கால் வெட்டுங்கள். நெருப்பு மூச்செடுப்பது இதன் வழியாகத்தான். உடல் தெற்கே தலை வைத்துக் கிடப்பதால் எங்கள் காற்றுகளுக்கு இந்த வாய்க்கால் சரியாகப் பொருந்துகிறது. தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும் மாதங்களில் தெற்கு வாயைத் திறந்து வடக்கு வாயைக் கட்டையால் பாதி மறையுங்கள். வடகிழக்கிலிருந்து காற்று வரும் வாடைக் காலத்தில் அதை மாற்றிச் செய்யுங்கள்.

வெட்டும்போது பழைய எலும்புகள் தட்டுப்பட்டால், அந்த இடம் முன்பு தகனம் நடந்ததாகத் தெரியாவிட்டால், மண்வெட்டியை வைத்துவிட்டுப் பொலிசுக்கும் சபைக்கும் சொல்லுங்கள். 2025 பெப்ரவரியில் அரியாலை சிந்துபாத்தி மயானத்தில் மனித எச்சங்கள் வெளிப்பட்டது தகனமேடைக்கு வெட்டிய குழியில்தான். பிறகு அது நீதிமன்ற மேற்பார்வையிலான அகழ்வானது. அவர்களும் யாரோ ஒரு தாயின் பிள்ளைகள். அதேபோல, பழைய காவலரண் இருந்த மண்ணில் புதிதாக நெருப்பு மூட்ட வேண்டாம். புதைந்த வெடிபொருள் சூட்டுக்கு விழிக்கும்.

அடுக்கு

நீளம் ஏழு அடி, அகலம் மூன்று அடி. உயரமானவர் என்றால் நீளத்தில் அரையடி கூட்டுங்கள். கால் வெளியே நீண்டால் முழங்காலோடு நெருப்பு நின்றுவிடும். நாலு மூலையிலும் ஐந்தடி இரும்புக் குழாயோ தண்டவாளத் துண்டோ அறையுங்கள். கட்டைகள் எரிந்து சுருங்கும்போது அடுக்கு ஒரு பக்கம் சாய்வதைத் தடுப்பது இவைதான்.

வாய்க்காலுக்குக் குறுக்கே நாலு தடித்த குற்றிகளை முதலில் போடுங்கள்: தோளுக்கு ஒன்று, இடுப்புக்கு இரண்டு, முழங்காலுக்கு ஒன்று. அதன்மேல் நீளவாக்கில் ஒரு வரி, பிறகு குறுக்கே ஒரு வரி என்று மாறி மாறி, இரண்டரை அடி உயரத்துக்கு. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே இரண்டு விரல் புகும் இடைவெளி விடுங்கள். நெருக்கி அடுக்கினால் சுவர் மாதிரி நிற்கும், காற்றுப் போகாது. அகல விட்டால் கட்டைகள் ஒன்றையொன்று சூடேற்றாது. இடைவெளிகளில் சுள்ளியும் சிரட்டையும் திணியுங்கள். ஊமல் சாக்கை இடுப்பு வரும் இடத்துக்குக் கீழே கொட்டுங்கள். மனித உடலில் கடைசியாக எரிவது இடுப்பும் நெஞ்சின் நடுப்பகுதியும். விறகைத் தலையிலிருந்து கால்வரை சமமாகப் பங்கிடுவது பார்க்க அழகு. ஆனால் பாதிக்கு மேல் நடுவில் இருக்க வேண்டும்.

உடலை வைத்த பிறகு மேலே ஒன்றரை அடி. நெஞ்சின் மேலும் தொடையின் மேலும் கனமான கட்டை ஒவ்வொன்று குறுக்கே வையுங்கள். சூட்டில் தசைநார் சுருங்கிக் கையும் காலும் மடியும், சிலவேளை மேலே எழும். அது உயிருமல்ல, வேதனையுமல்ல, எந்த உடலுக்கும் நடப்பது. கொள்ளி வைக்கிறவரிடம் இதை முன்பே மெதுவாகச் சொல்லிவையுங்கள். முகத்தின் மேல் பாரம் ஏற்ற வேண்டாம். பிளந்த விறகை இரண்டு பக்கத்திலிருந்தும் கூரைபோலச் சாய்த்தால் போதும்.

பெட்டியோடு வைப்பதென்றால் மூடியைக் கழற்றிப் பிளந்து பக்கத்தில் செருகுங்கள். கைபிடி, கண்ணாடி, உள்ளே விரித்த பஞ்சுமெத்தை எல்லாவற்றையும் எடுங்கள். பக்கப்பலகைகளைக் கோடாலியால் தட்டி நெகிழ்த்திவிடுங்கள். மூடிய பெட்டி நெருப்புக்குள் ஒரு அறை. வெளியே கொழுந்து விட்டெரியும்போது உள்ளே காற்றில்லாமல் உடல் அவிந்துகொண்டிருக்கும். பெட்டியிலிருந்து எடுத்துப் பனையோலைப் பாயில் கிடத்த வீட்டார் ஒத்துக்கொண்டால் அதைவிட நல்லது இல்லை.

கொள்ளி

மண்ணெண்ணெய் இரண்டு மூன்று லீற்றர் போதும். உடல் மேல் ஊற்ற வேண்டாம், கீழ்வரிச் சுள்ளியிலும் பன்னாடையிலும் கொள்ளிக்கு முன்பே தெளியுங்கள். பிடித்த நெருப்பில் எந்த எண்ணெயையும் கானோடு சரிக்காதீர்கள். சுவாலை கானுக்கே ஏறி வரும். பெற்றோல் வேண்டவே வேண்டாம். அதன் ஆவி அடுக்குக்குள் நிறைந்து நிற்கும். கொள்ளிக்குடம் உடைத்து, பின்பக்கமாகத் திரும்பி, வேட்டியோடு, கண்ணீரோடு நெருப்பு வைக்கிற பிள்ளையின் கையில் அது வெடித்தெழும். சீனியும் நெய்யும் கற்பூரமும் போடுவது பிடிக்க உதவும். ரயர் துண்டு போடுகிற பழக்கத்தைக் கைவிட வேண்டும். அதன் கரும்புகை அயலில் இருக்கும் வீடுகளுக்குள் போய்த்தான் அடங்கும். புத்தூர் கலைமதி மக்கள் 2017 இல் குடியிருப்புக்கு நடுவே மயானம் வேண்டாம் என்று போராடியதை மறந்துவிட வேண்டாம். சுடலைக்குப் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்கும் மூச்சு ஒன்றுதான்.

தலைமாட்டில் கொள்ளி வைப்பதால் சோளகக் காலத்தில் நெருப்பு தானாகக் காலை நோக்கி ஓடும். வாடைக் காலத்தில் அது வெளியே தள்ளப்படும். அப்போது கொள்ளி வைத்த பிள்ளை விலகியதும் வடக்கு வாயிலும் இரண்டு பக்கத்து நடுவிலும் வேறொருவர் நெருப்பு வைக்க வேண்டும்.

எல்லாரும் போன பிறகு

இரண்டு பேர் மூன்று மணித்தியாலமாவது நிற்க வேண்டும். தொழிலாளரிடம் விட்டுப் போவதென்றால் பேசிய கூலிக்கு இந்த நேரத்தையும் சேர்த்துப் பேசுங்கள். சாராயம் வேலை முடிந்த பிறகே. சாப்பாடும் தண்ணீரும் அதற்கு முன்பே கொண்டுபோய்க் கொடுங்கள். எங்கள் தாய் தகப்பனைக் கடைசியாகத் தொடுகிற கை அவர்களுடையது.

முதல் ஒரு மணித்தியாலம் நெருப்பைக் கிளற வேண்டாம். பத்தடிப் பச்சைக் கம்பு ஒன்று வைத்திருங்கள். வெளியே சிதறிய கட்டைகளை உள்ளே தள்ள அது போதும். ஒன்றரை மணித்தியாலத்தில் மேல்வரி இறங்கியிருக்கும். அந்த நேரத்தில்தான் ஒதுக்கி வைத்த இரண்டு அந்தரையும் இடுப்பை மூடிப் போட வேண்டும். நெருப்பு சிவப்புத் தணலாகிய பிறகு போட்டால் பாதிப் பலன்தான். வெள்ளைப் புகை வந்துகொண்டே இருந்தால் ஈரம் இன்னும் போகவில்லை. கறுப்புப் புகை தொடர்ந்தால் காற்றுக் காணாது, கம்பால் வாய்க்காலின் வாயைத் திறந்துவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் விறகை முதல்நாளே கூரைக்குக் கீழே எடுத்து வையுங்கள். தறப்பாளால் இறுக்கி மூடி வைத்தால் உள்ளே வியர்க்கும், மேலே மட்டும் மூடிப் பக்கத்தைத் திறந்துவிட வேண்டும். வாய்க்காலில் தண்ணீர் ஊறும் மண்ணென்றால் வெட்டாதீர்கள். செங்கல்லில் ஒரு அடி உயர்த்தி அதன்மேல் குற்றியைப் போடுங்கள். கூரையுள்ள எரிமேடை பக்கத்து ஊரில் இருந்தால் மழைநாளில் அங்கே கேட்டுப்பாருங்கள்.

விறகு கிடையாவிட்டால் யாழ்ப்பாண நகரில் கோம்பயன்மணல் மயானத்தில் தகனசாலை உண்டு, மாநகர சபையில் நேரம் பதிய வேண்டும். 800 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் இது ஒன்றரை, இரண்டு மணித்தியால வேலை. கண்ணாடி, உலோகம், தேங்காய், போத்தல் எதையும் பெட்டிக்குள் விடாதீர்கள்.

காடாத்து

சாம்பலுக்குக் கீழே தணல் ஒரு நாளுக்கு மேலும் கிடக்கும். செருப்போடு போங்கள். முதலில் ஓரத்திலிருந்து தண்ணீர் தெளித்துக்கொண்டு நடுவுக்கு வாருங்கள். ஒரே வாளியாகக் கொட்டினால் கொதிநீராவியோடு சாம்பலும் முகத்தில் அடிக்கும், எலும்பும் நொறுங்கும். பத்துப் பதினைந்து வாளி வேண்டும். பாலும் இளநீரும் ஆறிய பிறகு.

எலும்பைக் காலிலிருந்து தொடங்கித் தலைவரை வரிசையாகப் பொறுக்குவார்கள். நன்றாக எரிந்த எலும்பு வெள்ளையாக, கையில் பாரமில்லாமல், சட்டித்துண்டு மாதிரிக் கலகலக்கும். கல் என்றால் கனக்கும். கறுப்பாக இருப்பது கரியா, எரிந்து முடியாத எலும்பா என்ற சந்தேகம் வந்தால் விரலால் அழுத்துங்கள். கரி பொடிந்து விரலில் மை பூசும், எலும்பு பொடியாது. ஆணிகளைப் பழைய ஸ்பீக்கர் காந்தத்தால் எடுத்துவிடலாம். எரியாத பகுதி இருந்தால் மறைக்க வேண்டாம், குருக்களிடம் சொல்லி அந்த இடத்திலேயே நாலு அந்தர் விறகில் மீண்டும் எரியுங்கள்.

பொறுக்கியதைப் புது மண்முட்டியில் இட்டு வாயை வெள்ளைத் துணியால் கட்டுங்கள். பொலித்தீன் பையில் சூடான சாம்பலைப் போட்டால் வழியிலேயே உருகி விழும். மிச்சச் சாம்பலைக் குழியிலேயே இட்டு மண் மூடிச் சமப்படுத்துங்கள். எங்கள் கிணற்று நீரெல்லாம் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள்ளால் ஓடி வருவது. ஆகவே கிணறு, கேணிப் பக்கத்தில் சாம்பலைக் கொட்டக்கூடாது.

முட்டியைக் கீரிமலையில் கரைப்பவர்கள் கேணிக்குள் அல்ல, கடலில் கரைக்க வேண்டும். கேணி குளிக்கிற நன்னீர். வலிகாமம் மேற்கில் பலர் திருவடிநிலைக்குப் போவார்கள். கரையில் நின்று முட்டியை எறிந்தால் வாடைக் காலத்தில் அலை அதைத் திருப்பிக் கொண்டுவந்து பாறையில் போடும். இடுப்பளவு தண்ணீருக்கு ஒருவர் கையைப் பிடித்தபடி இறங்கி, துணியை அவிழ்த்து, முட்டியை நீருக்குள் அமிழ்த்தி நிறைய விட்டு, அடியில் சரித்துவிடுங்கள். எலும்பு நேராக மணலுக்குப் போகும். சாம்பல் ஒரு கணம் பால்போலக் கலங்கிப் பரவும். துணியைக் கரைக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.